தலை ஈரமா இருக்கா பாருங்க

கல்வராயன் மலைமேல் டீக்கடை வைத்திருக்கும் ஒருவருக்குப் போன ஞாயிறு காலை போன் போட்டேன். "அண்ணே, அருவியில தண்ணி வருதா?" என்றேன். "வராம எங்க சார் போவும்?" என்றார். போய்ப் பார்த்தால் பாறைதான் இருந்தது. தண்ணீர் வந்துபோன இடத்தில் ஒரு கறுப்புத் தடம், அதன் முன்னால் சிரித்தபடி செல்ஃபி எடுக்கும் ஒரு குடும்பம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த அலைச்சலுக்கெல்லாம் மூலகாரணம் மாவட்டப் பிரிவினை. விழுப்புரத்தோடு இருந்தவரை நமக்குக் கவலை இல்லை. வெளியூரிலிருந்து விருந்தாளி வந்தால் செஞ்சிக் கோட்டைக்கு ஏற்றி அனுப்பிவிடுவோம். ராஜகிரி ஏறி இறங்கியவர் இரண்டு நாள் கால் அமுக்கிக்கொண்டு பேசாமல் கிடப்பார். 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. கலெக்டர் ஆபீஸ் நமக்கு, செஞ்சி அவர்களுக்கு. போதாக்குறைக்கு 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் செஞ்சியைச் சேர்த்துவிட்டார்கள். "உங்க மாவட்டத்துல பார்க்க என்ன இருக்கு?" என்று சம்பந்தி கேட்டால், மலையைக் காட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

மலைக்குப் போக எங்களிடம் ஒரு வேன் இருக்கிறது. ரிட்டயரானதும் பழைய வண்டி வாங்கி, பின்சீட்டைக் கழற்றி, மெத்தை போட்டு, ஜன்னலுக்குத் திரை மாட்டி, ஒற்றை அடுப்பும் தண்ணீர்க் கேன்களும் ஏற்றிவிட்டோம். கேரளத்தில் 2021-லேயே அரசாங்கம் கேரவன் சுற்றுலா தொடங்கியது. நம் பக்கத்தில் கேரவன் என்றால் உள்ளே நடிகர் இருந்தாக வேண்டும். கச்சிராயபாளையத்தில் வண்டியை நிறுத்தியபோது நாலு பையன்கள் திரையை விலக்கி எட்டிப் பார்த்தார்கள். உள்ளே நான் லுங்கியோடு சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஒருவன்கூட ஆட்டோகிராஃப் கேட்கவில்லை.

சரி, தண்ணீருக்கு வருவோம். கோமுகி அணைக்கு முழு உயரம் 46 அடி. இன்றைக்கு எத்தனை அடி என்று பேப்பரில் வந்துவிடும். அருவிக்கு அப்படி எந்தக் கணக்கும் கிடையாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். "வருது" என்று டீக்கடையில் சொன்னால் வடை போட்டாகிவிட்டது என்று பொருள். "போன வாரம் செமையா கொட்டுச்சு" என்றால் இந்த வாரம் இல்லை. "குளிக்கலாம்" என்றால் சொம்பு கொண்டு போக வேண்டும். "மேல மழ பேஞ்சா வரும்" என்பார் பஸ் கண்டக்டர். அவர் ஒருவர்தான் பொய்யே சொல்லாதவர்; அவரால் பத்து பைசாவுக்குப் பிரயோஜனமும் இல்லை.

அதனால் என் மனைவி யாரையும் கேட்பதில்லை. எதிரே பைக்கில் இறங்கி வருகிறவர்களின் தலையைப் பார்ப்பாள். "ஏங்க, மெதுவா ஓட்டுங்க, தலை ஈரமா இருக்கா பாருங்க." கொண்டை ஊசி வளைவில் நான் ரோட்டைப் பார்ப்பேனா, தலையைப் பார்ப்பேனா? ஹெல்மெட் போட்டவர்களால் பயனில்லை என்று அவளுக்கு வருத்தம். வழுக்கைத் தலையில் பளபளப்பு தண்ணீராலா, வேர்வையாலா என்று தர்க்கம் செய்து ஒரு வளைவைக் கோட்டைவிட்டோம். பின்சீட்டுக்காரர் தோளில் துண்டு இருந்தால், அது காற்றில் பறக்கிறதா, கனமாகத் தொங்குகிறதா என்று கவனிப்பாள். பறந்தால் அருவி வறட்சி. ஒருமுறை குடும்பமே சொட்டச் சொட்ட எதிரே வந்தது. வண்டியை நிறுத்தி, "எந்த அருவிங்க? மேகமா, பெரியாரா?" என்று ஆவலாகக் கேட்டோம். "அருவி எங்க சார் இருக்குது? பம்புசெட்டுல குளிச்சோம்" என்றார் குடும்பத் தலைவர்.

வெள்ளிமலையில் கிழங்கு விற்ற அம்மாவிடமும் இவள் கேட்டாள். "தண்ணி வருதாம்மா?" அந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, "எங்க ஊட்டுக் கொழாயிலயா கேக்குற?" என்றார். மலையில் 1976 வரை ஜாகீர்தார்கள் ஆண்டார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் வந்து இறங்கி, இருக்கிற தண்ணீரைப் பற்றி மலைக்காரர்களிடமே விசாரணை நடத்துகிறோம்.

நிஜமாகவே மழை பிடித்துக்கொண்டால் வேறு கூத்து. தண்ணீர் கொட்டும், "வெள்ளப்பெருக்கு, குளிக்கத் தடை" என்று கயிறு கட்டிவிடுவார்கள். ஆக, தண்ணீர் இல்லாவிட்டால் குளிக்க முடியாது. இருந்தால் குளிக்கக் கூடாது.

இறங்கும் வழியில் ஒரு சோதனைச் சாவடி. திரை போட்ட வேன், உள்ளே கேன்கள், பொங்கலுக்கென்று கொண்டுபோய்ப் பொங்காமல் திரும்பிய இரண்டு கிலோ வெல்லம். இந்த மலையில் வெல்லம் என்றால் சாராய ஊறல்தான் நினைவுக்கு வரும். ஒவ்வொரு கேனாகத் திறந்து முகர்ந்தார்கள். 2024 ஜூனில் கருணாபுரத்தில் அத்தனை பேர் விஷச் சாராயம் குடித்துச் செத்த பிறகு, அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இவ்ளோ தண்ணி எதுக்கு சார்?" என்றார் ஒருவர். "அருவிக்குப் போனோம்" என்றேன். அவர் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

அடுத்த வாரம் மலையே வேண்டாம், திருக்கோவிலூர் போகலாம் என்று சொல்லிவிட்டேன். நல்லவேளை, அது நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. உலகளந்த பெருமாள் தூக்கிய காலை இன்றுவரை இறக்கவில்லை. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் நிற்பார். யாருக்கும் போன் போட வேண்டியதில்லை.

"நடை எத்தனை மணிக்குச் சாத்துவாங்கன்னு யாரையாவது கேட்டு வைங்க" என்கிறாள் மனைவி.