நாள் பார்த்து ஏற்றிய ஓ.எஸ்.

பழைய மேக் கணினியிடம் உள்ள பெரிய தொந்தரவே அது சாகாது என்பதுதான். செத்துத் தொலைத்தால் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். அலுமினிய உடம்பு, மூடி வைத்தால் நேற்று வாங்கியது போலவே பளபளக்கும். திறந்தால்தான் வயது தெரியும்.

எங்கள் வீட்டில் இருப்பது 2012 மாடல் மேக்புக் ப்ரோ, 13 அங்குலத் திரை, பக்கவாட்டில் சீடி போடும் துளை. 2012 ஜூனில் வந்த இந்த மாடலை 2016 அக்டோபர் வரை விற்றார்கள் என்றால் அதன் உழைப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சான் ஹோசேயில் இருக்கும் என் அண்ணன் மகன் புதிதாக ஒன்று வாங்கியதும், "அத்தே, இது சும்மாதான் கெடக்கு, எழுதுறதுக்கு வச்சுக்கிடுங்க" என்று கொடுத்துவிட்டுப் போனான். அமெரிக்காவில் சும்மா கிடப்பதெல்லாம் பாளையங்கோட்டைக்கு வந்து வேலைக்குச் சேருவது எங்கள் குடும்ப வழக்கம்.

ஆன் செய்ததும் கம்பீரமாக ஒரு நாதம் வரும். ஜிம் ரீக்ஸ் என்ற ஒலி வல்லுநர் 1990களின் தொடக்கத்தில் தன் வீட்டு வரவேற்பறையில் ஒரு கோர்க் சின்தசைசரை வைத்து உருவாக்கிய ஸ்வரக் கூட்டின் வழித்தோன்றல் அது. அந்த நாதம் கேட்டதும் நான் அடுப்பில் பால் வைப்பேன். பால் பொங்கி, காப்பி கலந்து, குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தால் திரையில் முகப்பு வந்திருக்கும். உள்ளே நிமிஷத்துக்கு 5,400 சுற்றுச் சுற்றும் ஹார்ட் டிஸ்க். சுற்றுவது உண்மை, எங்கேயும் போய்ச் சேருவதாகத் தெரியவில்லை.

ஊரில் ஒரு சர்வீஸ் கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். கடைப் பையன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வித்துராதீங்க மேடம், ஆன்ட்டிக் பீஸு" என்றான். நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. அவன் யாரைச் சொன்னான் என்று விசாரிக்காமல் திரும்பிவிட்டேன்.

அண்ணன் மகன் போனிலேயே வைத்தியம் சொன்னான். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடவேண்டும், அதில் ஓ.எஸ்ஸைப் புதிதாக ஏற்றவேண்டும். "அவ்வளவுதான் அத்தே. ஈஸி." அமெரிக்கா போன பிள்ளைகளின் அகராதியில் கஷ்டமான வேலை என்று எதுவும் கிடையாது. அதை அவர்கள் செய்யவேண்டியதில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தேன். எங்கள் வீட்டுக்காரர் பஞ்சாங்கத்திலிருந்து தலையைத் தூக்கி, "இன்னைக்கு உனக்குச் சந்திராஷ்டமம். கம்ப்யூட்டர்ல கை வைக்காத" என்றார். இவர் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. நாள் கிழமை பார்க்காமல் ஷவரக் கத்தி பிளேடுகூட மாற்ற மாட்டார். "இது மெஷின். இதுக்கு ராசி கிடையாது" என்று சொல்லிவிட்டு மேக்கைக் கவிழ்த்துப் போட்டேன்.

அடிப்பக்கத்தில் பத்துத் திருகாணிகள். ஏழு குட்டை, மூன்று நெட்டை. குட்டை என்றால் எள்ளுக்கு அண்ணன் அளவு. கையிலிருந்து நழுவினால் அடுத்த தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். இவர் எழுந்து போய்ப் பணியாரச் சட்டியைக் கொண்டுவந்து வைத்தார். அதில் சரியாக ஏழு குழி. ஏழு குட்டைத் திருகாணிகளையும் குழிக்கு ஒன்றாகப் போட்டு, நெட்டை மூன்றையும் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். முப்பத்தைந்து வருஷம் கேஷ் கவுன்டரையும் லாக்கர் சாவியையும் பார்த்துக்கொண்ட கை. ஒரு திருகாணி தப்பவில்லை. பேட்டரி இணைப்பைக் கழற்றி, பழைய டிஸ்க்கை உருவி, புதியதைச் செருகி, எல்லாவற்றையும் பழையபடி மூடினோம்.

அடுத்தது, எந்த ஓ.எஸ்.? இந்த மாடலுக்குக் கம்பெனி அனுமதிக்கும் கடைசிப் பதிப்பு 2019இல் வந்த கேட்டலினா. ஆனால் கேட்டலினா 32 பிட் மென்பொருள்களை வாசலிலேயே நிறுத்திவிடும். என் எழுத்து வேலை முழுக்க 2011ஆம் வருஷத்து ஆபீஸில். அது 32 பிட். ஆகவே 2017இல் வந்த ஹை சியராதான் தோது. அதை 2018இல் ஒரு பென் டிரைவில் போட்டு மேக்கோடு உறையில் வைத்துக் கொடுத்திருந்தான் பிள்ளை.

"சியரான்னா என்னய்யா?" என்று ஸ்பீக்கர் போனில் கேட்டார் இவர்.

"கலிஃபோர்னியாவுல ஒரு மலை, மாமா."

"ஹை சியரா?"

"அதே மலைதான். மேல கொஞ்சம் ஒசரத்துல."

2012 வரை சிறுத்தை, புலி, சிங்கம் என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். மிருகங்கள் தீர்ந்துபோனதாலோ என்னவோ, 2013இலிருந்து கலிஃபோர்னியாவின் மலை, தீவு, கடற்கரை என்று ஊர் சுற்ற ஆரம்பித்துவிட்டார்கள்.

பென் டிரைவ் இல்லாவிட்டாலும் இணையம் வழியாகவே ஏற்றலாமாம். கமாண்டும் ஆரும் சேர்த்து அழுத்தினால் கடைசியாக இருந்த பதிப்பு. கூடவே ஆப்ஷனையும் அழுத்தினால் இந்த மெஷினுக்குப் பொருந்தும் ஆகப் புதிய பதிப்பு. ஷிஃப்டையும் சேர்த்தால் மெஷின் வாங்கும்போது இருந்தது அல்லது அதற்குப் பக்கத்துப் பதிப்பு. நான்கு விசையையும் ஒரே நேரத்தில் அழுத்தப் பரதநாட்டியம் தெரிந்த விரல்கள் வேண்டும். எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. பென் டிரைவுக்கு ஆப்ஷன் ஒன்றை அழுத்திப் பிடித்தால் போதும்.

பிடித்தேன். வந்தது. டிஸ்க் யூட்டிலிட்டியில் 'எல்லாச் சாதனங்களையும் காட்டு' என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் புது எஸ்.எஸ்.டி. கண்ணில் படும், அதைத் தேர்ந்தெடுத்து, அழித்து, பெயர் வைத்தேன். 'இன்ஸ்டால்' பொத்தானைத் தட்டினேன். திரையில் ஒரு பெட்டி குதித்தது: இந்த மென்பொருள் பழுதாகியிருக்கிறது, இதைக் கொண்டு நிறுவ முடியாது.

"நாளு சரியில்லன்னு அப்பவே சொன்னேம்லா" என்றார் இவர்.

போனில் பிள்ளை சிரித்தான். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "அத்தே, மேல யூட்டிலிட்டீஸ்ல டெர்மினல்னு ஒண்ணு இருக்கும். அதுல டேட்னு அடிச்சு என்டர் தட்டுங்க" என்றான். தட்டினேன். திங்கட்கிழமை, ஜனவரி 1, 2001 என்று வந்தது.

அறையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

பேட்டரி இணைப்பைக் கழற்றி மாட்டியதில் கடிகாரம் ஆதிக்குப் போய்விட்டிருக்கிறது. இந்த மேக்குகளுக்கு ஆதி என்பது 2001 ஜனவரி 1. மேக் ஓ.எஸ். எக்ஸின் முதல் பதிப்பு வெளியானதே அந்த வருஷம் மார்ச் 24ஆம் தேதி. அதாவது, இன்னும் பிறக்காத ஓ.எஸ்ஸின் பதினாலாவது தலைமுறைப் பேரனை ஏற்றச் சொல்லி நான் கட்டளையிட்டுக்கொண்டிருந்தேன். மெஷின் மறுத்தது நியாயம்தான்.

"அப்ப நாள்தான் காரணம்" என்றார் இவர், பஞ்சாங்கத்தை மூடாமலேயே. பிள்ளை பதில் சொல்லவில்லை.

இன்றைய தேதியைப் போட்டுப் பார்த்தோம். மறுபடியும் அதே பெட்டி, அதே பழுது. இந்தத் தடவை பிள்ளைக்கே ஒன்றும் ஓடவில்லை. அங்கே ராத்திரி, எங்கேயோ தேடிப் படிக்கும் சத்தம் கேட்டது. பிறகு விஷயத்தைச் சொன்னான். நிறுவும் மென்பொருள் அசல்தான் என்று காட்ட அதற்குள் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் இருக்கும். அதற்கு ஆயுசு உண்டு. அப்போது இறக்கி வைத்த பதிப்புகளில் இருந்த சான்றிதழ் 2019 அக்டோபர் 24ஆம் தேதியோடு காலாவதி. மென்பொருளில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஆனால் சான்றிதழ் செத்துவிட்டதால் மெஷின் அதைப் பழுது என்று தள்ளுகிறது.

எனக்கு இது பாதிதான் புரிந்தது. இவருக்கு முழுவதும் புரிந்துவிட்டது.

"இதுல என்ன இருக்கு? நவம்பர்ல நான் பேங்குல போயி உசுரோட இருக்கேன்னு லைஃப் சர்டிபிகேட் குடுக்கலேன்னா பென்சன் நின்னுரும். ஆளு இங்கன உக்காந்து தோச தின்னுக்கிட்டு இருந்தாலும் ஃபைல்ல ஆளு கெடையாது. அதே கததான்."

"கரெக்ட் மாமா!" என்றான் பிள்ளை. இரண்டு பட்டம் வாங்கியவன், ஒரு பென்ஷன்தாரரிடம் பாடம் கேட்ட குரல்.

ஆக, 2001ம் ஆகாது, இன்றைய தேதியும் ஆகாது. சான்றிதழ் உயிரோடிருந்த காலத்துக்கு மெஷினைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். 2018இல் ஏதாவது ஒரு தேதியைப் போடுங்கள், வைஃபையை மட்டும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது இணையத்தில் மணி பார்த்துத் திரும்பி வந்துவிடும் என்றான்.

"ஏதாவது ஒரு தேதியா?" இவர் முகம் மாறிவிட்டது. "இவ்வளவும் பட்ட பெறகு ஏதாவது ஒரு தேதியா?"

பரணில் ஏறினார். பழைய பஞ்சாங்கங்களைத் தூக்கிப் போடாத மனிதரோடு குடித்தனம் நடத்துவதன் பலன் அன்றுதான் தெரிந்தது. ஹேவிளம்பி, விளம்பி இரண்டும் தூசியோடு இறங்கின. பிள்ளை பொறுமை இழந்து, "ஜனவரி 31 போடுங்க மாமா, தைப்பூசம்" என்றான். கூகுளில் பார்த்திருப்பான். இவர் ஹேவிளம்பியைப் புரட்டிவிட்டு, "அன்னைக்குச் சந்திர கிரகணம்யா. கிரகணத்தன்னைக்கு எவனாவது புதுசா தொடங்குவானா?" என்று தள்ளிவிட்டார். பிறகு விளம்பியைப் புரட்டி ஒரு இடத்தில் விரலை வைத்தார். சித்திரை 5, புதன்கிழமை, ஏப்ரல் 18. அட்சய திருதியை. எமகண்டம் ஒன்பதுக்கு முடிகிறது, ராகு காலம் பன்னிரண்டுக்குத்தான் தொடங்குகிறது. காலை பத்து மணி உத்தமம்.

மாதம், தேதி, மணி, நிமிஷம், வருஷம் என்ற வரிசையில் இவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன்: டேட், ஓர் இடைவெளி, 0418100018. என்டர்.

அட்சய திருதியையில் தொடங்குவது பெருகும் என்பார்கள். ஊரே அன்று நகைக்கடையில் நின்றிருக்கும். நாங்கள் பல வருஷம் தாமதமாக அதே நாளுக்குள் போய் ஓ.எஸ். ஏற்றினோம். 'இன்ஸ்டால்' பொத்தானைத் தட்டியதும் மறுபேச்சில்லாமல் கோடு நகர ஆரம்பித்தது. இவர் பிள்ளையார் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கோடு கடைசிக்கு வந்ததும் 'இன்னும் ஒரு நிமிடம்' என்றது. அந்த ஒரு நிமிஷத்தில் நான் சாதம் வடித்து, சொதிக்குத் தேங்காய்ப் பால் பிழிந்து, இஞ்சிப் பச்சடியும் செய்துவிட்டேன். 1983இல் முதல் மேக் தயாராகிக்கொண்டிருந்தபோது, ஆன் ஆவதற்கு நேரமாகிறது என்று ஸ்டீவ் ஜாப்ஸ் பொறியாளர் லாரி கென்யனிடம் சண்டை போட்டாராம். பத்து விநாடி குறைத்தால், ஐம்பது லட்சம் பேருக்கு ஒரு நாளைக்கு ஐந்து கோடி விநாடி மிச்சம். ஒரு வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் ஒரு டஜன் உயிரைக் காப்பாற்றியதற்குச் சமம் என்பது அவர் வாதம். அந்தக் கணக்கில் பார்த்தால், 'இன்னும் ஒரு நிமிடம்' என்ற அந்த ஒரு வரி உலகத்தில் எத்தனை பேரைக் கொன்றிருக்கும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. கமாண்டும் எல்லும் அழுத்தினால் உள்ளே நடப்பதெல்லாம் வரி வரியாக ஓடும் என்றான் பிள்ளை. ஓடியது. ஒன்றும் புரியாவிட்டாலும் யாரோ வேலை பார்க்கிறார்கள் என்ற தெம்பு வந்தது.

ஒருவழியாக முகப்பு வந்தது. எஸ்.எஸ்.டி. புண்ணியத்தில் இப்போது ஆன் செய்தால் பால் பாத்திரத்தை எடுக்கக்கூட நேரமில்லை. விசைப்பலகைப் பட்டியலில் தமிழ் தேடினால் அஞ்சலும் இருக்கிறது, தமிழ் 99ம் இருக்கிறது. எழுத்துருப் பட்டியலில் மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி காத்திருக்கிறது. தனியாக எதையும் இறக்க வேண்டியதில்லை.

வைஃபையைப் போட்டு ஒரு செய்தித் தளத்தைத் திறந்தேன். திறக்க முடியாது என்றது. மெஷின் இன்னும் 2018 சித்திரையில்தான் இருந்தது. தளத்தின் சான்றிதழோ அதற்கு வெகு காலம் கழித்து வழங்கப்பட்டது. இன்னும் வழங்கப்படாத சான்றிதழை அது எப்படி ஏற்கும்? "தேதிய மாத்திருங்க அத்தே" என்றான் பிள்ளை.

"கொஞ்சம் இருக்கட்டுமே" என்றார் இவர். "2018ல எனக்கு முட்டுவலி கெடையாது."

மாற்றிவிட்டோம். எல்லாத் தளமும் திறந்தது. முட்டுவலியும் திரும்பியது.

இதன் பின்விளைவு ஒன்று உண்டு. கணினி நிபுணர்கள் கைவிட்ட கேஸை இவர் பஞ்சாங்கத்தை வைத்துத் தீர்த்துவிட்டார் என்று தெருவில் பேச்சாகிவிட்டது. பிள்ளை எவ்வளவோ விளக்கியும் எடுபடவில்லை. விளக்க விளக்க அவன் சொல்வதும் 'நாள்தான் காரணம்' என்றே முடிகிறது. இப்போது யார் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் கேட்பது, "தேதி என்ன காட்டுது?" இரண்டொரு கேஸில் தேதியை மாற்றியதும் நிஜமாகவே சரியாகிவிட்டதில் ஆளைப் பிடிக்க முடியவில்லை. போன வாரம் எதிர்வீட்டு அக்கா மிக்ஸி ஓடவில்லை என்று வந்து நின்றார். இவர் அதையே கேட்டார். அந்த அக்காவும் மிக்ஸியை நாலு பக்கமும் திருப்பித் தேதியைத் தேடிக்கொண்டிருந்தார்.