கொடி இல்லாத 62 பேர்

முதல் பொதுத் தேர்தலில் ஓட்டுச் சாவடிக்குள் நுழைந்தால் வரிசையாக இரும்புப் பெட்டிகள். வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு சின்னம். முத்திரை குத்துகிற வேலையெல்லாம் அப்போது இல்லை. பிடித்தவர் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வந்துகொண்டே இருக்கலாம். காங்கிரஸின் இரட்டைக்காளை, கம்யூனிஸ்டுகளின் கதிர் அரிவாள் எல்லாம் தாண்டி ஓரமாகச் சுயேச்சைப் பெட்டிகள். ஊர்ப் பெரியதனக்காரர், மிராசுதார், வக்கீல், காங்கிரஸில் சீட்டு கேட்டுக் கிடைக்காதவர், கிடைத்தவரை ஒழித்துக்கட்டவே நின்றவர் என்று பல ரகம். சுதந்திரம் வாங்கிக்கொடுத்த கட்சி இவர்களையெல்லாம் சட்டை செய்யுமா?

1952-இல் சென்னை மாநிலம் என்பது ஆந்திரம், மலபார், தென் கன்னடம் எல்லாம் சேர்ந்த பெருங்குடும்பம். சட்டசபையில் 375 இடம். எண்ணி முடித்தபோது காங்கிரஸுக்கு 152. ஆந்திரப் பகுதியில் 143-க்கு 43, மலபாரில் 29-க்கு 4. முதலமைச்சர் குமாரசாமி ராஜாவே தோற்றுப்போனார். பக்தவத்சலம் உட்பட மந்திரிகள் பலரும் தலைவருக்குத் துணையாகத் தோற்றார்கள். கம்யூனிஸ்டுகள் 62. ஓரத்துப் பெட்டிக்காரர்களும் அதே 62! தலைவர் இல்லை, கொள்கை இல்லை, கொடி வாங்கிய செலவுகூட இல்லை. ஆனாலும் இரண்டாம் இடத்தில் சரிசமம்.

எதிர்க்கட்சிகள் சும்மா இருக்குமா? ஐக்கிய ஜனநாயக முன்னணி என்று ஒன்றைக் கட்டி, ஆந்திர கேசரி பிரகாசத்தைத் தலைவராக்கி, 166 பேர் எங்கள் பக்கம் என்றார்கள். அதில் 29 பேர் சுயேச்சைகள். ஆட்சிக்கு வேண்டியதோ 188. ரம்மியில் குறைகிற சீட்டுக்குப் பதிலாக ஜோக்கர் உட்காரும். இங்கே இரண்டு பக்கமும் ஜோக்கரைத் தேடி அலைந்தன. ஒரு சின்ன இடைஞ்சல்: பிரகாசமும் தேர்தலில் தோற்றிருந்தார். முதலமைச்சராக விரும்புகிறவர் எம்.எல்.ஏ.வாகவும் இருக்கவேண்டும் என்ற மூடநம்பிக்கை அந்த வருஷம் யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

காங்கிரஸ் அவரையும் மிஞ்சியது. தேர்தலில் நிற்கவே நிற்காத ராஜாஜியைக் கூப்பிட்டார்கள். வயது 73. டில்லியில் உள்துறை மந்திரி வேலையை உதறிவிட்டு வந்திருந்தவர். ஓட்டுக் கேட்டு அலைய அவருக்கு இஷ்டமில்லை. கவர்னர் ஸ்ரீபிரகாசா மேல்சபையில் ஒரு நியமன இடம் கொடுத்தார். கலை, இலக்கியம், விஞ்ஞானம், கூட்டுறவு, சமூக சேவை ஆகியவற்றில் தேர்ந்தவர்களுக்கென்று அரசியல் சட்டம் வைத்திருந்த இடம் அது. ராஜாஜி எழுத்தாளர் இல்லையென்று யார் சொல்ல முடியும்? கம்யூனிஸ்ட் பி. ராமமூர்த்தி கோர்ட்டுக்குப் போனார், பலிக்கவில்லை. ஏப்ரல் 10-இல் ராஜாஜி பதவியேற்றார்.

பிறகு ஆரம்பித்தது ஆள் சேர்ப்பு. காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் மந்திரியானார், கூடவே 6 ஓட்டு. ராமசாமி படையாச்சியின் உழைப்பாளர் கட்சிக்கு 19. முஸ்லிம் லீக் 5. இந்தப் படையாச்சியையும் நாயக்கரையும் தேர்தலில் ஆதரித்தது யார் தெரியுமா? தி.மு.க. தேர்தலில் நிற்காமல், திராவிட நாடு கேட்பதாகக் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு அண்ணாவின் கட்சி ஆதரவு கொடுத்திருந்தது. போட்டது ஒரு கை, சட்டசபையில் தூக்கியது இன்னொரு கை என்று வைத்துக்கொள்ளலாம்.

இவர்கள் அத்தனை பேரையும் கூட்டினாலும் 182தான். மிச்சத்துக்கு மறுபடியும் ஓரத்துப் பெட்டிகளிடம்தான் போகவேண்டியிருந்தது. கட்சித் தாவல் தடைச் சட்டம் வருவதற்கு இன்னும் 33 வருஷம் இருந்தது. இன்றைக்கு ஒரு சுயேச்சை ஜெயித்த பிறகு ஏதாவது கட்சியில் சேர்ந்தால் பதவி போய்விடும். அன்றைக்கு அப்படி இல்லை. காலையில் முன்னணி, மாலையில் காங்கிரஸ் என்றால், அது தொகுதி நலன். இரட்டைக்காளை வேண்டாமென்று பார்த்துப் பார்த்து வேறு பெட்டியில் சீட்டுப் போட்டவர், தன் ஓட்டு எந்தத் தொழுவத்துக்குப் போனது என்று பத்திரிகை பார்த்துத் தெரிந்துகொள்ளவேண்டியதுதான்.

ஜூலை 3-ஆம் தேதி நம்பிக்கை ஓட்டெடுப்பு. ஆதரவு 200, எதிர்ப்பு 151. 152-இல் படுத்த கட்சி தேர்தலே இல்லாமல் 200-க்கு எழுந்து உட்கார்ந்தது. கம்யூனிஸ்டுகள்தான் தனக்கு முதல் எதிரி என்று ராஜாஜி சபையிலேயே சொன்னார். சுயேச்சைகளை எதிரி என்று அவர் சொல்லவில்லை. அவ்வளவு பக்குவம் இல்லாதவரா அவர்?

பிரகாசத்துக்கும் குறை வைக்கவில்லை. மறுவருஷம் அக்டோபரில் ஆந்திரா பிரிந்ததும் அங்கே முதல் முதலமைச்சர் அவர்தான். நாற்காலி போட்டு உட்கார வைத்தது காங்கிரஸ்.