பம்பர் அண்ணாச்சி

முருங்கைக்காய் லோடு ஏற்ற வாங்கிய பொலேரோ பிக்கப்புக்கு முன்னால் இரும்புக் குழாய் பம்பரும் ஒன்பது விளக்கும் எதற்கு என்று சாத்தான்குளத்தில் யாரும் பம்பர் அண்ணாச்சியிடம் கேட்பதில்லை. கேட்டால் தேரியைக் கைகாட்டுவார்.

“ராத்திரி அந்த மணல்ல மாட்டிக்கிட்டா கம்பெனி லைட்டு காணுமாவே?”

கேள்வி நியாயமானதுதான். குதிரைமொழித் தேரி, சாத்தான்குளம் தேரி என்று இந்தப் பக்கம் சிவப்பு மணல் மேடு மேடாகக் கிடப்பது பொய்யில்லை. இரும்புச் சத்து ஏறிச் சிவந்த மணல். ஆடிக்காற்றில் எழும்பி இடம் மாறும். ஆனால் அண்ணாச்சியின் வண்டி கடைசியாகத் தேரிப் பக்கம் போனது கற்குவேல் அய்யனார் கோயில் கள்ளர் வெட்டுத் திருவிழாவுக்கு. அதுவும் பட்டப்பகலில், தார் ரோடு முடிகிற இடம் வரைக்கும்.

நிஜமாகவே மணலுக்குள் வண்டியை விடுகிறவர்கள் பனை விளைக்காரர்கள். அவர்கள் பம்பர் மாட்டுவதில்லை. டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடுவார்கள். டயர் பரந்து படிந்து மணலில் புதையாமல் நகரும். அப்படியும் சிக்கினால் பின் சக்கரத்துக்கு அடியில் பனை மட்டை. செலவு ஒன்றுமில்லை. பெரும்பாலான பிக்கப்புகளில் பின் சக்கரம்தான் தள்ளும். முன்னால் ஒரு சிமெண்டு மூட்டை எடைக்கு இரும்பைத் தொங்கவிட்டால் முன் சக்கரம் மணலில் உழத்தான் செய்யும். இதை அண்ணாச்சியிடம் சொன்னவர் உண்டு. அவருக்கு இப்போது வாடகைக்கு வண்டி கிடைப்பதில்லை.

இந்த பம்பரின் பிறந்த வீடு ஆஸ்திரேலியா. அங்கே பொட்டல் வெளிச் சாலைகளில் ராத்திரி கங்காரு குறுக்கே பாயும்; மோதினால் ரேடியேட்டர் நொறுங்கி, ஆளில்லாத காட்டில் நிற்க வேண்டியதுதான். அதற்கு அரணாக வந்தது. 1975இல் மெல்பர்னில் தொடங்கிய ஏஆர்பி கம்பெனி இதில் உலகப் புகழ் பெற்றது. சாத்தான்குளத்தில் குறுக்கே வருவது மயில், வெள்ளாடு, டியூஷன் முடிந்து வரும் சைக்கிள். வெளிமானாவது உண்டே என்றால், அது இருப்பது வல்லநாட்டுச் சரணாலயப் பக்கம்.

வெல்டிங் பட்டறையில் அண்ணாச்சியைப் பார்க்க வேண்டும். பைப் வளைக்கிற தம்பி அளவு கேட்பான். அண்ணாச்சி இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார். அதுதான் அளவு.

“அண்ணாச்சி, இதுக்கு மேல போனா ரேடியேட்டருக்குக் காத்து போவாது.”

“போற காத்து போவட்டும்லே. பார்வையா இருக்கணும்.”

“வின்ச்சுக்கு இடம் விடவா?”

“விடு.”

வண்டியை இழுக்கும் வின்ச் கடைசிவரை வராது. அந்த ஓட்டையில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்கும்.

அடுத்து எலக்ட்ரீசியன் கணக்குச் சொல்வார்: நூறு வாட் விளக்கு இரண்டு, பேட்டரி 12 வோல்ட், 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், ரிலே போடணும், பியூஸ் போடணும், தடிமனான வயர் வேணும். விளக்குக்கு ஆயிரக்கணக்கில் எண்ணிக் கொடுத்த கை, ரிலே என்றதும் சட்டைப்பைக்குள் போய்விடும். “ஒரு வயர வெட்டிச் சேத்து விடு தம்பி.” கொஞ்ச நாளில் சுவிட்ச் உருகும். பழி விளக்கு விற்ற கடைக்காரர் தலையில் விழும்.

பெரியதாழை மீன் லோடுக்குப் போனால் உப்புக் காற்றும் ஐஸ் தண்ணியும் வெல்டிங் வைத்த இடத்தைத்தான் முதலில் தின்னும். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை துருவுக்கு மேல் வெள்ளிப் பெயிண்ட் ஏறும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இந்த பம்பர்களைக் கழற்றச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. காரணம் விளையாட்டல்ல. அந்தக் கம்பி நடந்து போகிறவரின் இடுப்புக்கு நேராக வரும். குழந்தை என்றால் தலைக்கு. காற்றுப்பை உள்ள வண்டியில் மோதலை உணரும் சென்சாரையும் அது ஏமாற்றிவிடலாம். 2019இல் திருத்திய சட்டப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விளக்கு விஷயத்தில் விதி இன்னும் நுணுக்கம்: டிம் செய்தால் 8 மீட்டர் தள்ளி, 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கிற கண் கூசக்கூடாது. ஏறக்குறைய எதிரே பைக்கில் வருகிறவரின் கண்தான் அது. அண்ணாச்சி அந்தக் கண்ணைக் குறி தப்பாமல் பிடிக்கிறார். ஒவ்வொரு மாற்றமாக எண்ணி அபராதம் போட்டால் வண்டியை விற்றுத்தான் கட்ட வேண்டும்.

அவருக்குச் சட்டம் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். வண்டிக்குத் தகுதிச் சான்று வாங்கும் எஃப்சி தேதி நெருங்கினால் அத்தனையும் ஞாபகம் வந்துவிடும். முந்தின நாள் சாயங்காலமே பம்பர் கழன்று வேப்பமரத்தில் சாய்ந்து நிற்கும். விளக்குகள் சாக்கில் ஏறும். கம்பெனி பம்பரைத் தேடினால் ஆட்டுக் கொட்டகையில், உள்பக்கம் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருக்கும். கோழியை நகர்த்த ஒரு மணி நேரம். மாட்டி முடித்ததும் வீட்டுக்கார அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, “இப்பத்தாங்க வண்டி வண்டி மாரி இருக்கு” என்பார். அண்ணாச்சி பதில் பேச மாட்டார். திருச்செந்தூர் போய் எஃப்சி வாங்கித் திரும்பிய கையோடு, வெல்டிங் தம்பிக்கு முதலூர் மஸ்கோத் அல்வா கால் கிலோ போகும். இருட்டுவதற்குள் பழைய கோலம்.

குலசை தசராவில் மட்டும் அவரை ஒன்றும் சொல்ல முடியாது. வேஷம் கட்டிய தசராக் குழுவை ஏற்றிக்கொண்டு, மேளம் முழங்க, கலர் கலராக மின்னிக்கொண்டு வண்டி ஊர்ந்து வரும்போது அழகாகத்தான் இருக்கும். காளி வேஷக்காரர் பம்பரில் ஒரு காலை ஊன்றி நின்று போட்டோவுக்கு முகம் கொடுப்பார். அந்த இரும்பு செய்கிற ஒரே உருப்படியான வேலை அதுதான். அதே குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோவின் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அந்த ஏவுதளம் இயங்கத் தொடங்கும்வரை இந்தப் பக்கத்து ராத்திரியில் அதிகப் பிரகாசம் அண்ணாச்சியின் எல்இடி பார்தான்.

எனவே உடன்குடி ரோட்டில் இருட்டியபின் பைக்கில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அண்ணாச்சி எதிரே வந்தால் வேகத்தைக் குறைத்து, ரோட்டின் இடது ஓரத்தைப் பார்த்து ஓட்டுங்கள். அவருக்குப் பின்னால் போக நேர்ந்தால் இன்னும் தள்ளியே போங்கள்: அவருடைய வண்டியில் பிரேக் லைட் இரண்டும் எரிவதில்லை.