பேஸ்ட் புதுசு, திரை கறுப்பு!

கேள்வி: கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தூசி துடைத்து, புது தெர்மல் பேஸ்ட் தடவி மாட்டினேன். கேம் திறந்த சில நிமிடங்களில் திரை கறுத்துவிடுகிறது. கார்டு போச்சா?

பதில்: அதற்குள் இரங்கல் கூட்டம் வேண்டாம்! முதலில், கேம் ஓடும்போது ஃபேன் சுற்றுகிறதா பாருங்கள். அதன் குட்டி வயரை மாட்ட மறப்பவர்கள் ஏராளம். அடுத்து, நடுச் சிப்புக்குச் சந்தனம் பூசிவிட்டு, சுற்றியுள்ள மெமரி சிப்களை வெயிலில் விட்டுவிட்டீர்களா? அவற்றின் மேலிருந்த தெர்மல் பேட் கிழிந்தாலோ நகர்ந்தாலோ சூடு இறங்காது. பழைய தடிமனிலேயே புதிது வையுங்கள். அரை மில்லிமீட்டர் கூடினாலும் ஹீட்சிங்க் நடுச் சிப்பில் சரியாகப் படியாது. நான்கு ஸ்க்ரூக்களையும் மூலைக்கு மூலை மாற்றி, சிறிது சிறிதாக முடுக்குங்கள். பவர் கேபிளை 'க்ளிக்' சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். இத்தனையும் பார்த்த பிறகும் திரை கறுத்தால் மட்டும் சர்வீஸ் கடைக்குப் போங்கள். அதுவரை புது கார்டு விலை விசாரிக்காதீர்கள்.