தாய்க் காவலும் குளவிக் களவும்

கேள்வி: சில குளவிகள் சிலந்தி முட்டைக்குள்ளேயே வளர்கின்றனவாமே; ஒரு குளவியே அடங்கும் அளவுக்கு அந்த முட்டை அவ்வளவு பெரிதா?

பதில்: முட்டை பெரிதல்ல, குளவிதான் சிறிது. செலியோனிடே குடும்பத்தைச் சேர்ந்த பேயஸ், இட்ரிஸ், செரட்டோபேயஸ் குளவிகளின் நீளம் 1 மி.மீ. அளவிலோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். இவை சிலந்தியின் முட்டைக்குள் தம் முட்டையை இடும்; ஒரு சிலந்தி முட்டைக்கு ஒரு குளவி என்பது கணக்கு. குளவிப் புழு அந்த முட்டையின் உள்ளீட்டைத் தின்று, அங்கேயே கூட்டுப்புழுவாகி, முழுக் குளவியாக ஓட்டைக் கடித்துக்கொண்டு வெளியே வரும். பேயஸ் பெண்ணுக்கு இறக்கை கிடையாது. உருண்டு திரண்ட அந்த உடல், முட்டைப்பையின் இழைகளுக்கு நடுவே புகுந்து செல்வதற்கென்றே அமைந்தது. ஆணுக்கு இறக்கை உண்டு.

கேள்வி: வாசலில் எட்டுக் கால் காவலாளி இருந்துமா திருட்டு?

பதில்: ஆம். தெற்கு ஆஸ்திரேலியாவில் கிளுபியோனா ரோபஸ்டா என்னும் சிலந்தி, யூக்கலிப்டஸ் மரப்பட்டைக்கு அடியில் பட்டுக்கூடு பின்னி, முட்டைப்பையோடு தானும் உள்ளே தங்கிவிடும். 1980களில் ஆண்ட்ரூ ஆஸ்டின் இதை ஆராய்ந்தார். அந்தத் தாய்க் காவலையும் மீறி, செரட்டோபேயஸ் குளவிகள் முட்டைகளில் வளர்ந்தன.

செரட்டோபேயஸ் குளவியின் கருவி அருமையானது. பெண்ணின் வயிற்றுப் பகுதியின் முன்புறத்தில் ஒரு கொம்பு துருத்திக்கொண்டிருக்கும். அது ஆயுதமல்ல, உறை. முட்டையிடும் ஊசியை உள்ளே இழுக்கும்போது அதன் அமைப்பு அந்தக் கொம்புக்குள் அடங்கும். குட்டி உடலுக்கு நீண்ட ஊசி வாய்த்தது இப்படித்தான். சிலந்திகளும் சும்மா இல்லை. பல இனங்கள் முட்டையைச் சுற்றித் தடித்த பட்டுச்சுவர் எழுப்புகின்றன. ஊசிக்கு எட்டாத முட்டைகள் பிழைக்கும்.

கேள்வி: தாயோடு நேருக்கு நேர் மோதும் துணிச்சல்காரக் குளவி உண்டா?

பதில்: இக்னியூமோனிடே குடும்பத்தில் உண்டு. ஜாக்ளிப்டஸ் குளவி சிலந்தியின் கூட்டுக்குள் நுழைந்து, முதலில் தாயைக் கொட்டிச் செயலிழக்கச் செய்கிறது. பிறகே அங்கு முட்டையிடுகிறது. அதன் புழுக்களுக்குச் சிலந்தி முட்டைகளோடு தாயும் இரை.

கேள்வி: அப்படியானால் தாய் காவல் காப்பது வீண்தானே?

பதில்: வீணல்ல. குளவி மட்டுமா எதிரி? அமெரிக்காவின் புளோரிடாவில் பச்சை லிங்க்ஸ் சிலந்தியை லிண்டா ஃபிங்க் 1980களில் ஆராய்ந்தார். எறும்புகள் நெருங்கினால் தாய் எதிர்த்து நிற்கும். அவை ஏறிவரும் இழைகளை வெட்டி, முட்டைப்பையை எட்டாதபடி தொங்கவிடும். அச்சுறுத்தினால் இந்தச் சிலந்தி நஞ்சைப் பீய்ச்சியும் அடிக்கும். காவல் இல்லாத பைகளை எறும்புகள் எளிதில் சூறையாடின. எறும்புக் கூட்டம் புகுந்தால் பை மொத்தமும் காலி. செலியோனிடே குளவி வந்து போன பையிலோ, அதன் ஊசி படாத முட்டைகள் வழக்கம்போலப் பொரிந்து சிலந்திக் குஞ்சுகளாகின்றன.