சீரியல் நாயகி ஆவது எப்படி? கொல்லிமலைப் பெண்களுக்கு ஒரு கையேடு

கண்ணு, முதல் பாடம் இலவசம். அழகுக்குக் குறிப்பு கேட்டு நீ மலையிறங்கிப் போக வேண்டியதில்லை. ஒரு பெண் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சங்கப் புலவர்கள் கைகாட்டியதே உங்கள் ஊரைத்தான். நற்றிணையில் பரணர் பாட்டு ஒன்று இருக்கிறது. காதலில் விழுந்தவன் தன் தோழனிடம் புலம்புகிறான்: அவள் கொல்லிமலைப் பாவை மாதிரி. அந்தப் பாவையோ காற்று மோதினாலும், மழை கொட்டினாலும், இடி விழுந்தாலும், பூமியே குலுங்கினாலும் உருக்குலையாது.

இதை மனசில் வைத்துக்கொண்டு ராத்திரி டிவியைப் போடு. நாயகி கோயில் படியில் உருள்கிறாள், கொட்டும் மழையில் அழுகிறாள், மாமியார் கையால் அறை வாங்குகிறாள். கண்மை கலைந்ததா? விடியற்காலையில் பாயிலிருந்து எழும்போதும் ஒட்டுப்பொட்டு நடுநெற்றியில் அப்படியே இருக்கிறது. பரணர் இருந்திருந்தால் இன்றைக்கு ஏதாவது ஒரு சேனலில் திரைக்கதை எழுதிக்கொண்டிருப்பார்.

ஒரு விவரத்தை மட்டும் உன்னிடம் மறைக்கக் கூடாது. பாவை மனுஷி இல்லை, சிலை. வேண்டாதவர்கள் மலைக்கு வந்தால் சிரித்து மயக்கிக் கொல்வதுதான் கதைப்படி அதன் உத்தியோகம். எட்டுக்கை அம்மனாக நாம் கும்பிடுவது அந்தப் பாவையைத்தான் என்று ஊரில் சொல்வார்கள். ஆக, வியர்வையே வராத முகம் வேண்டும் என்றால் குறைந்தபட்சத் தகுதி கல்லாக இருப்பது. அது முடியாதவர்கள் மேற்கொண்டு படிக்கலாம்.

அடுத்தது வேடம். சீரியலில் நிறம் பார்த்துத்தான் வேடம் கொடுப்பார்கள். நீ சிவப்பாக இருந்தால் நாயகியாகலாம், வில்லியாகலாம், நாயகனின் முன்னாள் காதலியாகலாம், அமெரிக்காவிலிருந்து வந்த அத்தை மகளாகவும் ஆகலாம். கறுப்பாக இருந்தால் முன்பெல்லாம் வேலைக்காரி வேடம், இல்லாவிட்டால் சாமியாடி. இப்போது நிலைமை தேவலை. ‘கறுப்பு நாயகி’ என்று ஒரு தனிப் பதவியே வந்துவிட்டது. இந்தியில் 2005-லேயே ‘சாத் ஃபேரே’ வந்தது. 2014-இல் ஏஷியாநெட்டில் ‘கறுத்தமுத்து’. அது தெலுங்குக்கு 2017-இல் ‘கார்த்திக தீபம்’ ஆகப் போனபோது மலையாளத்தில் நடித்த பிரேமி விஸ்வநாத்தே அங்கேயும் போய் அழுதார். தமிழில் அதே கதை 2019 பிப்ரவரியில் விஜய் டிவியில் ‘பாரதி கண்ணம்மா’ ஆனது. 2021-இல் சன் டிவி ‘சுந்தரி’யைக் கொண்டுவந்தது. கலெக்டராக வேண்டும் என்ற கனவோடு இருக்கும் கிராமத்துப் பெண். கட்டியவனுக்கு அவள் நிறம் பிடிக்கவில்லை. கறுப்பு நாயகி மாநிலம் விட்டு மாநிலம் மாற்றல் கிடைக்கக்கூடிய பதவி என்பது இதிலிருந்து தெரிகிறது.

கிண்டலை ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு ஒன்று சொல்ல வேண்டும். கண்ணம்மாவாக நடித்த ரோஷினி ஹரிப்பிரியனின் முகம் தினமும் ராத்திரி வீட்டு நடுக்கூடத்தில் பெரிதாக வந்து நின்றது சின்ன விஷயம் இல்லை. சுந்தரியாக கேப்ரியெல்லா செல்லஸ் வந்ததும் அப்படித்தான். தன் நிறத்தில் ஒருத்தி கதைக்கு நடுவில் நிற்பதை முதல் தடவையாகப் பார்த்த பெண்பிள்ளைகள் இந்த மலையிலும் இருப்பார்கள். சரி, கையேட்டுக்குத் திரும்புவோம். ஏனென்றால் நடுவில் நிறுத்திய பிறகு அவளை என்ன செய்ய வைத்தார்கள் என்பதுதான் பாடத்திட்டம்.

கறுப்பு நாயகிக்கு நல்ல குணம் கட்டாயப் பாடம். சிவப்பாக இருப்பவள் பாலில் விஷம் கலக்கலாம், ரிப்போர்ட்டை மாற்றலாம், மாடிப்படியில் எண்ணெய் ஊற்றலாம். பார்க்கிறவர்கள் திட்டிக்கொண்டே ரசிப்பார்கள், ‘என்ன புடவை கட்டியிருக்கா பாரு’ என்பார்கள். உனக்கு அந்தச் சலுகை கிடையாது. நீ சோம்பேறியாக இருக்கக் கூடாது. வெடுக்கென்று பேசக் கூடாது. லிப்ஸ்டிக் போடக் கூடாது, போட்டால் அன்றைக்கே யாராவது சிரிப்பார்கள். வீட்டில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, எல்லோருக்கும் பிறகு சாப்பிட்டு, உன்னைத் திட்டியவளுக்கே கஷாயம் வைத்துக் கொடுக்க வேண்டும். நிறத்துக்கு அபராதம் மாதிரி குணத்தைத் தவணை தவணையாகக் கட்டிக்கொண்டே வா. நூறு எபிசோடு கட்டினால் மாமியார் ஒரு தடவை உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்.

யாராவது ‘கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா’ என்றால் பாராட்டாக எடுத்துக்கொண்டு தலைகுனி. சோளக்காட்டுச் சந்தையில் மிளகு வாங்க வருகிற வியாபாரி, கையில் அள்ளிப் பார்த்து, ‘கறுப்பா இருந்தாலும் காரமா இருக்கு’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. உன்னிடம் சொல்வார்கள்.

இனி நடை. ‘பாரதி கண்ணம்மா’ பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். வயிற்றில் பிள்ளையோடு, கையில் ஒரு பையோடு கண்ணம்மா வீட்டை விட்டுக் கிளம்பினாள். நடந்தாள். நடந்துகொண்டே இருந்தாள். 2020-இல் தமிழ்நாடே அதை வைத்து மீம் போட்டது. உனக்கு இதில் பயிற்சி சுலபம். காரவல்லி அடிவாரத்தில் பையைத் தூக்கினால் எழுபது கொண்டை ஊசி வளைவு தாண்டி மேலே வரலாம். போதாது என்றால் அறப்பளீஸ்வரர் கோயிலிலிருந்து ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கு மேல் படி இருக்கிறது, இறங்கிவிட்டு ஏறு. உன் அம்மாவும் ஆயாவும் பலாப்பழத்தைத் தலையில் வைத்துக்கொண்டு இதைவிடத் தூரம் நடந்திருக்கிறார்களே என்று கேட்பாய். நடந்திருக்கிறார்கள். ஆனால் பின்னணி இசை இல்லாமல் நடந்தார்கள். அது கணக்கில் வராது.

நாயகனைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். டாக்டராக இருந்தால் நல்லது. ஆனால் வைத்தியம் தெரிந்திருக்கக் கூடாது. கண்ணம்மாவின் கணவர் பாரதி டாக்டர்தான். தனக்குக் குழந்தை பிறக்காது என்று யாரோ கிளப்பிவிட்டதை நம்பி, கர்ப்பிணி மனைவியைச் சந்தேகப்பட்டவர். ‘ஒரு டிஎன்ஏ டெஸ்ட் எடுத்துப் பாருப்பா’ என்று வெற்றிலை இடித்துக்கொண்டே பாட்டிமார்கள் சொன்ன யோசனை டாக்டருக்கு எட்ட வருஷக்கணக்கில் ஆயிற்று. நடுவில் 2021-இல் ரோஷினி விலகி வினுஷா தேவி கண்ணம்மாவாக வந்தார். முகமே மாறிப்போனது, டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. சந்தேகம் மட்டும் அதே சந்தேகம்.

நாயகன் உன்னைக் காதலிக்கிற அழகையும் சொல்லிவிடுகிறேன். ‘உன் நிறம்தான் எனக்குப் பிடிச்சது’ என்பான். அவன் அம்மா ‘இந்த நிறத்துல ஒருத்தியா’ என்பாள். தோழி ‘நிறத்துல என்னடி இருக்கு’ என்பாள். வில்லி கண்ணாடி முன்னால் நின்று உன் நிறத்தைப் பற்றித் தனக்குத்தானே பேசுவாள். திட்டுகிறவர், தேற்றுகிறவர், காதலிக்கிறவர் எல்லோருக்கும் உன்னிடம் பேச ஒரே விஷயம்தான். தினையும் சாமையும் எந்த மண்ணில் எப்போது விதைப்பது என்று உனக்குத் தெரியும்; நாமக்கல் காலேஜில் உனக்கு எந்தப் பாடம் பிடிக்கும், எந்த வாத்தியாரைப் பிடிக்காது, எதற்குச் சிரிப்பாய் என்பதெல்லாம் ஒரு எபிசோடிலும் வராது. அதை எதிர்பார்த்து டைரி எழுதி வைக்காதே. ஆறு மாதம் தொடர்ந்து பார்த்தால் ஒரு நன்மை உண்டு. கண்ணாடியில் உன்னைப் பார்க்கும்போது உன் கண்ணால் பார்ப்பது நின்று, இன்னும் சந்திக்காத ஒரு மாமியாரின் கண்ணால் பார்க்கப் பழகிவிடுவாய்.

வெளிநாட்டுச் சீரியலில் அழகியாகும் வேலை எளிது. கொலம்பியாவில் 1999-இல் ‘அழகில்லாத பெட்டி’ என்று ஒருத்தி வந்தாள். கண்ணாடி, பல்லுக்குக் கம்பி. நம் நாட்டில் 2003-இல் சோனியில் ‘ஜஸ்ஸி’ ஆனாள். கம்பியைக் கழற்றி, கண்ணாடியை மாற்றி, தலையை வாரினால் அழகி. உனக்குக் கழற்ற ஒன்றும் இல்லை. அதனால் கடைக்குப் போக வேண்டும்.

கடையில் 1975-இலிருந்து ஒரு சிவப்பழகு கிரீம் டியூப் இருக்கிறது. 2020-இல் அதன் பெயரிலிருந்த ‘ஃபேர்’ போய் ‘க்ளோ’ வந்தது. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் போராட்டம் கிளம்பிய வருஷம் அது. பெயர் மாற ஐம்பது வருஷத்துக்கு ஐந்து குறைவு. ஆண்களுக்கும் 2005-இலிருந்து தனி டியூப் உண்டு, உன் அண்ணன் அலமாரியில் பார். கறுப்பாக இருப்பவர்களைச் சோகமானவர்களாகவோ, வேலையும் கல்யாணமும் கிடைக்காதவர்களாகவோ விளம்பரத்தில் காட்டக் கூடாது என்று விளம்பரத் துறையின் தரக் கவுன்சில் 2014-இல் விதி போட்டது. நல்ல விதி. அதனால் விளம்பரத்தில் இப்போது அப்படி வருவதில்லை. விளம்பரத்துக்கு முன்னும் பின்னும் ஓடுகிற சீரியலில் வருகிறது. அந்த விதி அதற்கு இல்லை. கறுப்பாக இருந்து அரைமணி நேரம் அழுகிற வேலையை நாயகி பார்த்துக்கொள்கிறாள். நடுவில் வருகிற டியூப் சும்மா பளபளத்தால் போதும்.

டியூப் மெதுவாக வேலை செய்கிறது என்றால் மருந்துக்கடையில் ‘வெள்ளையாகுற ஆயின்மென்ட்’ கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அது பெரும்பாலும் ஸ்டீராய்டு. 2018-இல் இத்தகைய களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அரசு சொன்னது. முதல் சில வாரம் முகம் வெளுக்கும். பிறகு தோல் மெலிந்து நரம்பு தெரியும், முகம் சிவக்கும், கன்னத்தில் முடி முளைக்கும், நிறுத்தினால் எரியும். பாதரசம் கலந்த கிரீம் இன்னும் வீரியம். 2023-இல் கேரளத்தில் மலப்புரம் பக்கம் சிறுநீரகக் கோளாறோடு வந்தவர்களை விசாரித்தபோது இப்படிப்பட்ட கிரீமில் போய் நின்றது. நாயகிக்கு சிறுநீரகம் போனால் எப்படியும் மாமியாருக்குத் தானம் கொடுக்கிற மாதிரிதான் கதை போகும், அதனால் ஒன்றையாவது பத்திரமாக வைத்துக்கொள்.

இன்னொன்று. மலை குளிர்கிறதே, வெயில் குறைவு என்று நினைக்காதே. ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் புற ஊதாக் கதிர் பத்து சதவீதம் போல அதிகமாகிறது. செம்மேடு அந்த உயரத்தில்தான் இருக்கிறது. காட்டில் வேலை செய்கிற உன் தோலில் உள்ள கறுப்பு அந்தக் கதிரை உள்ளே விடாமல் பிடித்துக்கொள்கிறது. மாதச் சம்பளம் கேட்காத அந்த ஊழியரை விரட்டத்தான் டியூபுக்குக் காசு.

பழைய பாட்டுகளில் இதற்கு வேறு வைத்தியம் இருந்தது. குறிஞ்சிப் பாட்டுகளைப் பார். மாந்தளிர் மாதிரி இருக்கும் பெண், காதலனைப் பிரிந்தால் வெளுத்துப்போவாள். பசலை. வெளுப்பதுதான் நோய். அம்மா பயந்துபோய் வேலனை வரவழைத்து, ஆட்டை அறுத்து வெறியாட்டு நடத்துவாள். நீ கிரீம் போட்டு நிஜமாகவே வெளுத்துவிட்டால் ஆயா காதில் விழாமல் பார்த்துக்கொள். பூசாரிக்கு ஆள் அனுப்பிவிடும்.

கோயில் காட்சிக்கும் ஒத்திகை வேண்டும். நாயகி அம்மன் முன்னால் போய் ‘என்னை ஏன் தாயே கறுப்பாப் படைச்சே’ என்று மணியை ஆட்டுவாள். எதிரே இருப்பது எண்ணெய் பூசிய கருங்கல் அம்மன். பதில் வராது. சென்னையில் 2017-இல் இரண்டு பேர் கறுப்பு மாடல்களை வைத்தே லட்சுமி, சரஸ்வதி, சீதை என்று படம் எடுத்து ‘டார்க் இஸ் டிவைன்’ என்று வெளியிட்டார்கள். காலண்டர் கடைக்காரர்கள் அதைப் பார்த்துப் பழக்கத்தை மாற்றிக்கொண்டதாகத் தெரியவில்லை.

கல்யாண விஷயம். ஷாதி டாட் காம் 2020 ஜூனில் நிறம் பார்த்துத் தேடுகிற வசதியை எடுத்துவிட்டது. தரகருக்கு அந்த வசதி வாயிலேயே இருக்கிறது: ‘பொண்ணு என்ன கலருங்க?’ ‘மாநிறமுங்க’ என்று உன் அப்பா சொல்வார். அதுவும் ஒரு கலைதான். போட்டோ கேட்டால் போனில் பியூட்டி மோடைப் போட்டு எடு. மூக்கு ஒடுங்கும், நிறம் இரண்டு படி ஏறும், காது மட்டும் உன்னுடையது. ஒரு சிக்கல் உண்டு. மாப்பிள்ளை வீட்டார் வேன் பிடித்து வளைந்து வளைந்து மேலே வந்து, நீ கொண்டுபோகிற காப்பியை வாங்கிக்கொண்டு, உன்னிடமே, ‘பொண்ணை வரச்சொல்லும்மா’ என்பார்கள்.

எல்லாம் பழகியாயிற்று என்றால் ஆடிஷனுக்குக் கிளம்பலாம். சேந்தமங்கலம் போகிற பஸ்ஸில் உட்காரும்முன் ஒரு எச்சரிக்கை. சீரியலில் பெண் வாந்தி எடுத்தால் ஒரே அர்த்தம்தான், உடனே வீணை ஒலிக்கும், மாமியார் திடுக்கிட்டுத் திரும்புவார், விளம்பர இடைவேளை வரும். எழுபது வளைவு இறங்குகிற பஸ்ஸில் அந்தக் கணக்கு செல்லாது. காரவல்லி வருவதற்குள் மீசைக்காரப் பெரியவர் இரண்டு பேர் உள்பட பாதி பஸ்ஸுக்கு விசேஷம் ஆகிவிடும். எலுமிச்சம்பழம் ஒன்று எடுத்துக்கொள். வீணைக்காரரையும் கூட்டிப்போவதாக இருந்தால் ஜன்னலோரம் அவருக்கு விட்டுக்கொடு.