எந்தப் பக்கம் போகிறீர்கள்?

பைத்தானில் முதல் விளையாட்டை எழுதியவருக்குத் தூக்கம் வராது. வீட்டில் யாரையும் சும்மா உட்காரவும் விடமாட்டார். மடிக்கணினியோடு வந்து முன்னால் நிற்பார்.

"பேய் பங்களாவுக்குள்ள நிக்கிறே. எந்தப் பக்கம் போறே? டைப் பண்ணு."

தங்கை 'வடக்கு' என்று அடிப்பாள். இருட்டறை வரும். விளையாட்டு முடிந்துவிடும்.

"அவ்வளவுதானாண்ணா?"

'இன்புட்' ஒருமுறை எழுதினால் ஒருமுறைதான் கேட்கும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைக்கும். அசரமாட்டார். அதே வரிகளை நகலெடுத்து ஒட்டிக்கொண்டே போவார். "ஐந்நூறு வரி கோடிங்" என்று நண்பர்களிடம் அளப்பது இந்தப் பருவத்தில்தான்.

அடுத்த பருவத்தில் ஃபங்ஷன் தன்னையே கூப்பிடும். ஓய்வுபெற்ற சித்தப்பா மத்தியானம் முழுக்க வடக்கும் தெற்குமாக நடந்து தீர்ப்பார். அழைப்புகள் ஆயிரத்தை நெருங்கும்போது பைத்தான் 'ரிகர்ஷன் எரர்' என்று கைவிரிக்கும். பேய்க்கு அஞ்சாத சித்தப்பா அந்தச் சிவப்பு எழுத்துக்கு அஞ்சி எழுந்துவிடுவார்.

பிறகு 'வைல் ட்ரூ' கைக்கு வரும். இனி விடாமல் கேட்கும். ஆனால் 'பிரேக்' போட மறந்திருப்பார். பங்களாவை விட்டு வெளியேற கன்ட்ரோல் சி ஒன்றே கதி.

இதற்கிடையே, கட்டளை 'வடக்கு' அல்லது 'வ' என்றால் வடக்கே போ என்று ஒரு வரி. மனிதருக்குப் புரியும். பைத்தானோ 'ஆர்' என்பதற்குப் பின்னால் தனியாக நிற்கும் 'வ'வைப் பார்த்து, காலியாக இல்லாத சொல் உண்மையே என்று தீர்ப்பளித்துவிடும். அப்பா 'தெற்கு' என்றாலும் வடக்கு, 'காபி' என்றாலும் வடக்கு.

"குபேரன் திசைன்னு வாஸ்து பாத்து எழுதினியாடா?"

அதையும் திருத்திவிடுவார். திருத்தவே முடியாதவர்கள் ஆடுகிறவர்கள்தான். ஒருவர் பின்னால் இடைவெளி விடுவார். அதற்கு 'ஸ்ட்ரிப்' உண்டு. பாட்டி 'வடக்கால' என்பாள், பெரியம்மா 'வடக்கே' என்பாள். வில் கிரௌதர் எழுதி, 1977இல் டான் வுட்ஸ் விரிவாக்கிய குகை விளையாட்டு, சொல்லின் முதல் ஐந்து எழுத்தை மட்டுமே பார்த்தது என்று எங்கோ படித்திருப்பார். தமிழுக்கு இரண்டே போதும் என்று முடிவெடுத்து, 'வட' என்று தொடங்கும் எதுவும் வடக்கு என எழுதிவிடுவார்.

அம்மா வந்து, "இதுல எதை வேணா அடிக்கலாமா?" என்று கேட்டு, 'வடை ஆறுது, சாப்பிட வா' என்று அடிப்பாள்.

'வடக்கு அறைக்கு வந்துவிட்டீர்கள்.'

வீடே சிரிக்கும். அவர் மட்டும் முகம் மாறாமல் சொல்வார்: "அது ரகசியக் கட்டளைம்மா. நீதான் முதல்ல கண்டுபிடிச்சிருக்கே."